ஒரு கொரியத் துறவியின் ‘இல்லை’கள்

சுமார் 1,300 ஆண்டுகளுக்கு முன் கொரியத் துறவி ஒருவர் தென்னிந்தியாவைப் பார்த்துவிட்டு, இங்கே பட்டு கிடையாது என்று எழுதிவைத்தார். தென்னாட்டில் மட்டுமல்ல, கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு, நடு என்று அக்காலப் பயணிகள் பிரித்துச் சொன்ன ஐந்து இந்தியாவிலும் கிடையாது என்றார். காஞ்சிபுரத்தின் தென்கோடியில், பாலாற்றங்கரையில் இருக்கும் செவிலிமேட்டில் இதைப் படிக்கிறவருக்குத் தூக்கிவாரிப் போடும். விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டுவதையும், கோர்வைச் சேலைக்கு ஓரத்தில் உட்கார்ந்து கரை நாடா தள்ளுவதையும் பிறந்ததிலிருந்து பார்த்தவர்கள் நிறைந்த ஊர் இது. பட்டுதான் இங்கே சோறு.

அந்தத் துறவியின் பெயர் ஹேச்சோ. கி.பி. 704 வாக்கில் சில்லா நாட்டில் பிறந்தவர். அப்போது கொரியத் தீபகற்பத்தின் பெரும்பகுதி சில்லா அரசரின் கையில் இருந்தது. இன்றைய கியோங்ஜு அதன் தலைநகர். ஹேச்சோ சிறு வயதிலேயே சீனம் போய், 723 வாக்கில் கடல்வழியாக இந்தியாவுக்குப் புறப்பட்டார். இங்கே சுற்றிவிட்டு மத்திய ஆசியா வழியாக 727இல் சீனத்தின் மேற்கு எல்லைக்குத் திரும்பினார். அவருக்கு முன்பும் சில்லாவிலிருந்து துறவிகள் வந்திருக்கிறார்கள். சிலர் நாலந்தாவிலேயே இறந்துபோனார்கள். ஆனால் தன் கண்ணால் கண்டதைத் தானே எழுதி, அந்த எழுத்து இன்றுவரை மிஞ்சியிருக்கும் முதல் கொரியர் ஹேச்சோதான்.

அவர் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வருவது ‘இல்லை’. பனி இல்லை, உறைபனி இல்லை. இரும்புக் கொப்பரை இல்லை. சோயா ஊறல் இல்லை. விலங்கு பூட்டுவது இல்லை. அடிமை இல்லை. தினை இல்லை. பட்டு இல்லை. இவற்றில் சில சரி, சில தவறு. இந்தியாவைப் பற்றிய சான்றாக மட்டும் அவரைப் படிப்பவர்கள் சரி தவறு பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அது போதாது. ஒருவர் ஓர் ஊருக்குப் போய் ‘இது இங்கே இல்லை’ என்று குறிக்கிறார் என்றால், அது தன் ஊரில் இருந்து, கை தானாக அதைத் தேடியிருக்கிறது என்று பொருள். ஹேச்சோவின் ‘இல்லை’களைச் சேர்த்து அடுக்கினால் எட்டாம் நூற்றாண்டுக் கொரிய வீட்டின் அடுக்களையும் அலமாரியும் தெரியவருகின்றன.

ஏட்டின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 1908இல் பிரெஞ்சு அறிஞர் பால் பெலியோ, சீனத்தின் துன்ஹுவாங் குகையில் குவிந்து கிடந்த சுவடிகளுக்கிடையே தலையும் வாலும் இல்லாத ஒரு சுருளை எடுத்தார். தலைப்பு இல்லை, ஆசிரியர் பெயர் இல்லை. ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹுய்லின் என்ற துறவி தொகுத்த பௌத்தச் சொல்லகராதி ஒன்றில், ஹேச்சோவின் மூன்று பகுதி நூலிலிருந்து கடினச் சொற்கள் வரிசையாக எடுத்துப் பொருள் சொல்லப்பட்டிருந்தன. அந்த வரிசையும் சுருளில் இருந்த சொற்களின் வரிசையும் பொருந்தின. அதை வைத்தே பெலியோ நூலை அடையாளம் கண்டார். ஆசிரியர் சில்லாக்காரர் என்பதை ஜப்பானிய அறிஞர் தகாகுசு 1915இல் நிறுவினார். சுமார் ஆறாயிரம் சீன எழுத்துகள் கொண்ட அந்தச் சுருள் இன்று பாரிசில், பிரான்சின் தேசிய நூலகத்தில் இருக்கிறது. 2010 டிசம்பரில்தான் அது முதல்முறையாகக் கொரிய மண்ணுக்குப் போய், சியோல் தேசிய அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது.

ஹேச்சோவைக் காஞ்சியோடு இணைப்பது அவருடைய ஆசிரியர். வஜ்ரபோதி என்ற அந்த ஆசாரியர் நாலந்தாவில் படித்தவர், தென்னாட்டவராகவே சீனத்தில் அறியப்பட்டவர். காஞ்சியில் மூன்று ஆண்டு மழை பொய்த்தபோது, மழை வேண்டிச் சடங்கு செய்யும்படி பல்லவ மன்னன் அவரைக் கேட்டுக்கொண்டதாகச் சீன வரலாறுகள் சொல்கின்றன. அந்த மன்னன் கைலாசநாதர் கோயிலைக் கட்டிய இராசசிம்மன், அதாவது இரண்டாம் நரசிம்மவர்மன். பிறகு வஜ்ரபோதி இலங்கை போய் அனுராதபுரத்தின் அபயகிரி விகாரையில் தங்கினார். பாரசீக வணிகர்களின் கப்பல்களோடு ஸ்ரீவிஜயம் போனார். 719-20 வாக்கில் குவாங்சோ துறைமுகத்தில் இறங்கினார். அங்கேதான் இளம் ஹேச்சோ அவரிடம் மாணவராகச் சேர்ந்தார் என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். அதே 720இல் பல்லவர் தூதும் சீனத்தின் தாங் அரசவையில் நின்றது. சீனப் பேரரசரின் பெயரால் ஒரு கோயில் கட்டி அதற்கு அவரிடமே பெயர்ப்பலகை கேட்டு வாங்கினான் இராசசிம்மன். கொரியப் பையன் ஒருவன் இந்தியா போக முடிவெடுத்தபோது அவன் பக்கத்தில் இருந்தவர் காஞ்சியின் வறட்சியைக் கண்ணால் பார்த்தவர். புறப்படுவதற்கு முன்பே காஞ்சியைப் பற்றி அவன் நிறையக் கேட்டிருப்பான் என்று நினைப்பதில் தவறில்லை.

ஆனால் மிஞ்சியிருக்கும் ஏட்டில் காஞ்சியின் பெயர் இல்லை. ஹேச்சோ சொல்லும் தென்னிந்திய அரசன் எண்ணூறு யானை வைத்திருந்தவன், அவன் நாடு மூன்று கடல்களைத் தொட்டது. அவனைச் சாளுக்கியன் என்றே பெரும்பாலோர் அடையாளம் காண்கிறார்கள். காஞ்சியை நேரில் பார்த்ததாகப் பதிவு வைத்தவர் அவருக்கு எண்பது ஆண்டு முந்திய சீனத் துறவி சுவான்சாங். நகரத்தின் சுற்றளவு சீன அளவில் முப்பது லி, நூற்றுக்கு மேற்பட்ட சங்காராமங்கள் என்னும் பௌத்த மடங்கள், பத்தாயிரம் பிக்குகள், எண்பது தேவாலயங்கள், கல்வியை மதிக்கும் துணிச்சலான மக்கள், பௌத்த அறிஞர் தர்மபாலர் பிறந்த ஊர் என்று அவர் எழுதுகிறார். அருமையான சான்று. ஆனால் ஒரு வீட்டுக்குள் எட்டிப் பார்த்த தடயம் அதில் இல்லை. காஞ்சிக்காரன் எதில் சமைத்தான், எத்தனை முழத் துணி உடுத்தினான் என்று சுவான்சாங்கிடம் கேட்டால் பதில் கிடைக்காது. ஹேச்சோ படிப்பில் அவருக்கு இணையானவர் அல்ல; நடையும் எளிமையானது. அன்றாட வாழ்க்கைக்குச் சாட்சி என்று வந்தால் நான் ஹேச்சோவைத்தான் அழைப்பேன்.

சாப்பாட்டில் தொடங்கலாம். சோறு, வறுத்த மாவு, ரொட்டி, வெண்ணெய், பால், தயிர் உண்டு என்கிறார். சோயா ஊறல் இல்லை, உப்புதான் என்கிறார். எல்லோரும் மண்பானையில் சமைக்கிறார்கள், இரும்புக் கொப்பரை இல்லை என்கிறார். இந்தியாவைப் பற்றிய செய்தியாக இதில் பெரிதாக ஒன்றும் இல்லை. சில்லாவின் பக்கம் திரும்பினால் விஷயம் வேறு. கி.பி. 683இல் சில்லா மன்னர் சின்முன் திருமணம் செய்தபோது மணமகள் வீட்டுக்கு அனுப்பிய சீரைக் கொரியாவின் பழைய வரலாற்று நூலான சம்குக் சாகி கணக்கு வைத்திருக்கிறது. பட்டும் துணியும் 15 சுமை. அரிசி, மது, எண்ணெய், தேன், சோயா ஊறல், நொதித்த சோயா, உலர்ந்த இறைச்சி, ஊறிய மீன் வகை எல்லாம் சேர்த்து 135 சுமை. ஹேச்சோ பிறப்பதற்கு இருபது ஆண்டு முன்பு சோயா ஊறல் அரச வீட்டுக் கல்யாணச் சீரில் போயிருக்கிறது. இன்றைக்கும் கொரியச் சமையல் அந்த ஊறலின் மேல்தான் நிற்கிறது. இரும்புக் கொப்பரைகளோ சில்லா அரச கல்லறைகளிலேயே கிடைத்திருக்கின்றன. ஊரை விட்டு வந்த ஒருவர் எந்தச் சுவையைத் தேடிக்கொண்டு நடந்தார் என்று அவருடைய ஒற்றைச் சொல் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

குடியைப் பற்றி அவர் எழுதியது இன்னும் சுவையானது. ஐந்து இந்தியாவும் நடந்தேன், குடித்துவிட்டு அடித்துக்கொண்ட ஒருவனைப் பார்க்கவில்லை என்கிறார். குடிப்பவர்களும் முகத்தில் நிறமும் உடம்பில் தெம்பும் வருகிற அளவுக்கே குடிக்கிறார்கள்; ஆட்டமும் பாட்டுமாக விருந்து வைத்துக் குடிப்பதைக் காணவில்லை என்கிறார். இந்தியாவில் குடிவிருந்து இல்லவே இல்லை என்று எந்த வரலாற்று மாணவரும் ஒப்புக்கொள்ள மாட்டார். துறவி போன வழியும் தங்கிய இடமும் அப்படி. ஆனால் ‘ஆட்டமும் பாட்டும் விருந்தும்’ என்று எதை நினைத்துச் சொன்னார்? அதற்குக் கியோங்ஜுவில் பதில் இருக்கிறது. 674இல் அரண்மனைக்குப் பக்கத்தில் வெட்டிய ஒரு குளத்தை 1975இல் தோண்டினார்கள். சேற்றுக்குள்ளிருந்து மரத்தாலான ஒரு பகடைக்காய் வந்தது. ஆறு முகமல்ல, பதினான்கு முகம். ஆறு முகம் சதுரம், எட்டு முகம் அறுகோணம். ஒவ்வொரு முகத்திலும் சீன எழுத்தில் ஒரு தண்டனை. மூன்று கிண்ணத்தை ஒரே மூச்சில் குடிக்க வேண்டும் என்றது ஒரு முகம். பாட்டு இல்லாமல் ஆட வேண்டும் என்றது இன்னொன்று. குடித்து முடித்துவிட்டு வாய்விட்டுச் சிரிக்க வேண்டும் என்பது வேறொன்று. அந்தக் காய் பாதுகாப்பதற்காக உலர்த்தியபோது எரிந்துபோனது. அதற்குள் அளவும் படமும் எடுத்திருந்ததால் மறுபடி செய்து வைத்திருக்கிறார்கள். ஹேச்சோ வளர்ந்த நாட்டின் பெரிய வீடுகள் இப்படி விருந்துண்டன. இந்தியத் தெருக்களில் அவர் தேடியதும் காணாததும் அந்தப் பகடை உருளும் சத்தத்தைத்தான் என்று நான் நம்புகிறேன்.

துணிக்கு வருவோம். நெசவாளர் ஊர்க்காரர்கள் நின்று படிக்க வேண்டிய இடம் இது. அரசன் வீட்டாரும் செல்வர்களும் பருத்தித் துணி இரண்டு துண்டு உடுத்துகிறார்கள், நடுத்தரத்தார் ஒரு துண்டு, ஏழைகள் அரைத் துண்டு என்கிறார் ஹேச்சோ. ஒரு பாவில் எத்தனை சேலை ஓட்டலாம் என்று கணக்குப் போட்டுப் பழகியவர்களுக்கு இந்த ‘அரை’யின் கனம் உடனே புரியும். நெய்தவன் வீட்டிலேயே முழுத் துண்டு உடுத்த முடியாத நிலை இருந்திருக்கலாம். ஏழைகள் அதிகம், செல்வர் குறைவு என்றும் அவர் குறித்திருக்கிறார். வறுமையை அவர் பண்பு, குணம் என்றெல்லாம் விவரிக்கவில்லை. துணியை வைத்து அளந்தார்.

அப்படி அளக்க அவர் எங்கே கற்றார்? சில்லாவில் உடையே ஒருவரின் பிறப்பைச் சொல்லும். ‘எலும்புத் தகுதி’ என்று அவர்கள் அழைத்த பிறப்புப் படிநிலைதான் ஒருவருக்குக் கிடைக்கும் பதவி, வீட்டின் அகலம், வண்டியின் அலங்காரம் எல்லாவற்றையும் முடிவு செய்தது. 520இலேயே அதிகாரிகளின் அங்கிக்குத் தரவாரியாக நிறம் விதித்தார்கள். ஹேச்சோவுக்கு ஒரு நூற்றாண்டு பின், 834இல், மன்னர் ஹுங்தோக் போட்ட ஆணை இன்னும் நுணுக்கமானது: எந்தப் படிநிலையில் உள்ளவர் எந்த வகைப் பட்டு உடுத்தலாம், சணல் துணியின் நெருக்கம் எதுவரை இருக்கலாம் என்று வரையறுத்தது. கொரியக் கணக்கில் நெருக்கத்தின் அலகு எண்பது பாவிழை. தமிழ்நாட்டு நெசவாளரின் பழைய கணக்கில் ஒரு புஞ்சம் 120 இழை. கீழ்ப்படியில் பிறந்தவன் இத்தனை புஞ்சத்துக்கு மேல் உடுத்தக் கூடாது என்று ஓர் அரசாணை வந்தால் எப்படியிருக்கும் என்று செவிலிமேட்டில் யாரிடமும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. நம் நாட்டிலும் மேலாடைக்காகப் போராடியவர்கள் உண்டு.

அடிமை இல்லை என்று அவர் எழுதியதை அப்படியே ஏற்க முடியாது. ஆட்களைக் கோயிலுக்கு விற்ற செய்திகள் சோழர் காலக் கல்வெட்டுகளில் பதிவாகியிருக்கின்றன. தினை இல்லை என்பதையும் ஏற்க முடியாது. வரகும் தினையும் சாமையும் விளைந்த புன்செய் வழியே அவர் நடக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் சில்லாவில் இரண்டும் கண்முன் இருந்தவை. 1933இல் ஜப்பானின் ஷோசோயின் கருவூலத்தில் சில்லாவின் நான்கு கிராமங்களின் பதிவேடு ஒன்று கிடைத்தது. ஆள், மாடு, குதிரை, நிலம், முசுக்கட்டை மரம் என்று எல்லாவற்றையும் எண்ணி எழுதியிருக்கிறார்கள். ஆட்களில் அடிமைகள் தனிக்கணக்கு. அந்தக் கண்ணோடு வந்தவருக்கு இங்கே ஆளை எண்ணும் குமாஸ்தா கண்ணில் படாதது பெரிய விஷயமாக இருந்திருக்கும். விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கு அரசனுக்கு, அதையும் அரசனே ஆள் அனுப்பித் தூக்கிக்கொள்கிறான், உழவன் சுமக்க வேண்டியதில்லை என்று அவர் வியந்து எழுதியதும் அதனால்தான்.

அரசவைக் காட்சி ஒன்றையும் சொல்ல வேண்டும். அரசன் உட்கார்ந்தால் தலைவர்களும் குடிமக்களும் நாலு பக்கமும் சூழ்ந்து உட்கார்ந்து கத்தி வழக்காடுகிறார்கள். அரசன் கோபப்படாமல் கேட்டு, நிதானமாக யார் பக்கம் நியாயம் என்று சொல்கிறான். அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஒவ்வொருவரும் தன் படியறிந்து நிற்கும் அவையில் வளர்ந்தவருக்கு அந்த இரைச்சல் எத்தனை புதிதாக இருந்திருக்க வேண்டும்.

இனி பட்டு. ஹேச்சோ சொன்னது நேர்ப்பொருளில் தவறு. குஜராத்துப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்த பட்டு நெசவாளர் குழு ஒன்று மாளவத்தின் மண்டசோரில் சூரியன் கோயில் கட்டியதை ஐந்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டு சொல்கிறது. புகார் நகரத்தில் பட்டு நெய்தவர்களைச் சிலப்பதிகாரம் குறிப்பிடுகிறது. சுவான்சாங்கும் இந்தியரின் உடைகளில் காட்டுப் பட்டுப்புழுவின் நூலைச் சொல்கிறார். அப்படியானால் ஹேச்சோ பொய் சொன்னாரா? என் முடிவு வேறு. அவர் இல்லை என்றது பட்டுப் பஞ்சையும் சாதாரண வெண்பட்டையும். தாங் சீனத்தில் வெண்பட்டுச் சுருள் வரியாகச் செலுத்தப்பட்டது, கடைத்தெருவில் காசாகச் செல்லுபடியானது. சில்லாவின் கிராமப் பதிவேடு முசுக்கட்டை மரத்தை ஒவ்வொன்றாக எண்ணியதும் பட்டு வரிக்கணக்கில் வந்ததால்தான். குளிர்காலத்தில் உடைக்குள் வைத்துத் தைப்பதும் அந்தப் பஞ்சுதான். அரிசியைப் போல ஒவ்வொரு வீட்டிலும் புழங்கிய அந்தப் பட்டு இங்கே இல்லை. இங்கே பட்டு சிலருடைய உடை, சில சடங்குகளின் துணி. மற்றபடி நாடு பருத்தியில் நடந்தது.

காஞ்சியும் அப்போது பருத்தி ஊர்தான். பட்டு நெசவு இங்கே பெருகியது விஜயநகரக் காலத்துக் குடிபெயர்வுகளுக்குப் பிறகு என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. 2005இல் புவிசார் குறியீடு பெற்ற காஞ்சிப் பட்டின் கச்சாப் பட்டு இன்றும் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்துதான் வருகிறது, ஜரிகை சூரத்திலிருந்து.

இன்று கொரியர்கள் காஞ்சிக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். 1996இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. 1998இல் சான்ட்ரோ கார் வெளியானது. 2007இல் சாம்சங் ஸ்ரீபெரும்புதூரில் ஆலை திறந்தது. உதிரிபாகக் கம்பெனிகள் கூடவே வந்தன. பெங்களூர் நெடுஞ்சாலையில் கொரிய எழுத்தில் சாப்பாட்டுக் கடைப் பலகைகள் வந்தன. தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் பலர் தறியில் உட்காராமல் கம்பெனி பஸ் ஏறினார்கள். 2024இல் சாம்சங் தொழிலாளர்கள் சங்க அங்கீகாரம் கேட்டு 37 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது, கொரிய நிர்வாக முறை என்பது இந்த மாவட்டத்தின் டீக்கடைப் பேச்சாகவே ஆனது.

ஆனால் தமிழ்நாட்டில் கொரியாவைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஒற்றுமைகளைப் பற்றியது. அம்மா, அப்பா என்று அவர்களும் கூப்பிடுகிறார்கள் என்பதில் தொடங்கி, இந்தியாவிலிருந்து கடல் கடந்து போய்க் கொரிய அரசனை மணந்த ஹோ ஹ்வாங்-ஓக் இளவரசி தமிழச்சி என்பதில் முடியும். அந்தக் கதை முதல் நூற்றாண்டில் நடந்ததாகச் சொல்வது பதின்மூன்றாம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட சம்குக் யூசா. 1,200 ஆண்டு இடைவெளி கொண்ட ஒரு புராணத்தின் மேல் ஓர் உறவைக் கட்டுவது எனக்குச் சம்மதமில்லை. உண்மையான ஒற்றுமைகள் வேறு இருக்கின்றன. நமக்கு அறுபதாண்டுச் சுழற்சி, அவர்களுக்கும் அறுபதாண்டுச் சுழற்சி. இங்கே அறுபதாம் கல்யாணம், அங்கே ஹ்வாங்காப் விருந்து. பிறந்த குழந்தைக்கே ஒரு வயது என்று எண்ணி, புத்தாண்டு அன்று எல்லோருக்கும் ஒரு வயது கூட்டிய கொரிய வழக்கம் 2023 ஜூனில்தான் சட்டப்படி முடிவுக்கு வந்தது. நடப்பு வயது சொல்லும் நம் பாட்டிமார்களுக்கு அது விளங்காத கணக்கு அல்ல.

ஒற்றுமையைக் கண்டவுடன் பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம் என்பதே என் கவலை. ஏழாம் நூற்றாண்டுச் சீனத் துறவி யிஜிங் ஒரு செய்தி சொல்கிறார்: கொரியர் சேவலைத் தெய்வமாக மதிப்பவர்கள், அதனால் தலையில் இறகு சூடுகிறவர்கள் என்று இந்தியாவில் பேசிக்கொண்டார்களாம். அவ்வளவுதான் அன்றைய இந்தியா கொரியாவைப் பற்றி வைத்திருந்த அறிவு. ஹேச்சோ நம் பானையைப் பார்த்தார், நம் அரைத் துண்டைப் பார்த்தார்.

கொரிய அன்றாடத்தைப் பக்கத்திலிருந்து பார்த்த தமிழர்கள் இப்போது பல்லாயிரம் பேர். 2004இல் தொடங்கிய கொரியாவின் வேலை அனுமதித் திட்டத்தில் முதலில் சேர்ந்த நாடுகளுள் இலங்கை ஒன்று. மொழித் தேர்வு எழுதி அந்த வழியில் போய் அங்கே ஆலைகளில் வேலை செய்தவர்கள் இருக்கிறார்கள். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வேலை நிமித்தம் ஹூண்டாயின் தாய் ஆலை இருக்கும் உல்சானுக்குப் போய் வருபவர்கள் இருக்கிறார்கள். உல்சான் சில்லாவின் பழைய துறைமுகம். அங்கிருந்து கியோங்ஜு பக்கத்து ஊர். பகடைக்காய் கிடைத்த குளத்தை ஒரு விடுமுறை நாளில் போய்ப் பார்த்துவிடலாம். அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அங்கே எதைத் தேடினீர்கள், எது இல்லை? கையால் சாப்பிட முடிந்ததா? பெரியவர் கரண்டி எடுக்கும்வரை காத்திருந்தீர்களா? மூத்தவருக்கு இரண்டு கையால் ஊற்றியபோது வீட்டில் யாருக்கு அப்படிச் செய்த ஞாபகம் வந்தது? மோருக்குப் பதில் எதைக் குடித்தீர்கள்? இதையெல்லாம் அவர்கள் வாயாலேயே சொல்லவைத்துப் பதிவு செய்யும் வேலையைக் காஞ்சிபுரத்துக் கல்லூரிகளின் வரலாற்றுத் துறைகள் இந்த ஆண்டே தொடங்கலாம். 1998இல் முதல் கார் செய்தவர்கள் ஓய்வுபெறும் வயதை நெருங்கிக்கொண்டிருக்கிறார்கள்.